வீட்டிலேயே நரம்பு ஊசி: ஏன் அனுப்புகிறோம், எப்படிப் பார்த்துக்கொள்கிறோம்



சென்ற இதழின் கணக்குப் பக்கத்தில் "வீட்டில் நரம்பு ஊசிச் சிகிச்சை" என்று ஒரு செலவுத் தலைப்பு இருந்ததைக் கவனித்து உங்களில் சிலர் எங்களுக்கு எழுதினீர்கள். கணக்குப் பக்கத்தை இவ்வளவு கருத்தாய் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே எங்களுக்குச் சந்தோஷம். எழுதியவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார்: "ஆஸ்பத்திரியில் படுக்கை போதவில்லை என்பதற்காக வியாதியஸ்தரை வீட்டுக்கு அனுப்புகிறீர்களா? பணமுள்ளவர்களுக்கு வார்டு, இல்லாதவர்களுக்கு வீடு என்று ஆகிவிட்டதா?" கேட்க வேண்டிய கேள்விதான். நாலு வரியில் பதில் எழுதி அனுப்புவதைவிட, எல்லாருக்கும் பயன்படும்படி இந்த இதழிலேயே விளக்கமாய் எழுதலாம் என்று தீர்மானித்தோம்.

மருத்துவமனைப் போதகர் ஊழியத்தில் இருக்கிற எங்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. நம் ஊர் வழக்கில் டாக்டர் "வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றால் அதற்கு ஒரே பொருள்தான். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்கள், சொந்தக்காரருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்பதே அது. கால் எலும்பில் கிருமி பிடித்து இரண்டு வாரம் வார்டில் இருந்தார் ஒரு கொத்தனார். காய்ச்சல் விட்டு, புண் சிவந்து ஆறத் தொடங்கிய பிறகு டாக்டர் அவரிடம், "நாளைக்கு நீங்கள் வீட்டுக்குப் போகலாம், மீதி நான்கு வார ஊசியையும் வீட்டிலிருந்தே போட்டுக்கொள்ளலாம்" என்றார். அவர் மனைவியின் காதில் முதல் பாதி மட்டுமே விழுந்தது. சற்று நேரத்தில் எங்களைக் கூப்பிட ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் அந்த அம்மா கட்டிலடியில் உட்கார்ந்து அழுகிறார். நோயாளியோ ஒரு கையால் இட்லி சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் அவரைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். "ஐயா, உண்மையைச் சொல்லுங்க, எத்தனை நாள்னு சொல்லிட்டாங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். ஜெபிக்கிறதற்கு முன்னே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குச் சொன்னதையே சற்று விரித்து உங்களுக்கும் சொல்லுகிறோம்.

மாத்திரை ஏன் போதாது?

"நரம்பு ஊசி" என்று நாம் சொன்னாலும் ஊசி போவது நரம்புக்குள் அல்ல. இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற சிரை என்னும் இரத்தக் குழாய்க்குள்தான் அது போகிறது. ஆனால் அந்தப் பெயர் ஊரில் நிலைத்துவிட்டதால் நாங்களும் அப்படியே எழுதுகிறோம்.

ஆன்டிபயாடிக் மருந்துகளில் சில, வாய்வழியாகக் கொடுத்தால் இரத்தத்தில் சேருவதே இல்லை. ஜென்டாமைசின், அமிகாசின், மெரோபெனெம் போன்றவை அப்படிப்பட்டவை. வான்கோமைசினை விழுங்கினால் அது குடலுக்குள் மட்டும் வேலை செய்துவிட்டு வெளியே போய்விடும். எலும்புக்கோ இருதயத்துக்கோ அதனால் பிரயோஜனமில்லை. இன்னொரு காரணம் கிருமி ஒளிந்திருக்கும் இடம். செத்துப்போன எலும்புத் துணுக்கில் இரத்த ஓட்டம் குறைவு. இருதய வால்வில் கிருமி படிந்தால் அது தன்னைச் சுற்றி ஒரு கட்டியைக் கட்டிக்கொண்டு உள்ளே பதுங்குகிறது. அங்கே மருந்து போய்ச் சேர வேண்டுமானால் இரத்தத்தில் அதன் அளவு அதிகமாயும் நெடுநாளும் இருக்க வேண்டும். ஆகவேதான் எலும்புக்கு வழக்கமாக 6 வாரம், வால்வுக்கு 4 முதல் 6 வாரம் என்று மருத்துவர்கள் நாள் குறிக்கிறார்கள். இடையில் நிறுத்தினால் அடங்கியிருந்தது மறுபடி தலைதூக்கும்.

இவை நீண்ட வியாதிகள். குறுகியவையும் உண்டு. மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத கிருமியால் வரும் சிறுநீர்த் தொற்று இப்போது நம் பகுதியில் அடிக்கடி காணப்படுகிறது. சர்க்கரை வியாதியுள்ள தாய்மார் பலர் அதற்காகவே வருகிறார்கள். காய்ச்சல் விட்டு நன்றாய் நடமாடுவார்கள். ஆனாலும் தினம் ஒரு ஊசிக்காக ஒரு வாரமோ அதற்கு மேலோ கட்டிலைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதாகிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வேளை மருந்து ஏறுவதற்கு அரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒரு வேளை வீதம் 6 வாரத்துக்கு 42 வேளை, அதாவது மொத்தம் 21 மணி நேரம். அந்த 6 வாரத்தில் உள்ளதோ 1,008 மணி நேரம். 21 மணி நேரச் சிகிச்சைக்காக ஒரு மனிதனை மீதி 987 மணி நேரமும் வார்டில் வைத்திருக்கிறோம். அவரோடுகூட இன்னொருவரும் இருக்கிறார். நம் நாட்டில் நோயாளி தனியாக ஆஸ்பத்திரியில் இருப்பதில்லை. துணைக்கு இருக்கிற மனைவி கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுக்கிறார், அவருடைய கூலியும் போகிறது, பிள்ளைகள் பக்கத்து வீட்டில் சாப்பிடுகிறார்கள். போதாததற்கு, வார்டில் நெடுநாள் இருக்கிறவர்களை மற்ற நோயாளிகளின் கிருமிகள் பிடிக்கும் ஆபத்தும் உண்டு. ஆஸ்பத்திரிக் கிருமிகள் வீட்டுக் கிருமிகளைப்போல அல்ல, பல மருந்துகளைப் பார்த்துப் பழகித் தேறினவை அவை.

எல்லா மருந்தையும் இப்படித் தினம் ஒரு வேளையாகக் கொடுக்க முடியாது. பெனிசிலின் உடலில் தங்கும் நேரம் மிகக் குறைவு. 1941-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு போலீஸ்காரருக்கு முதன்முதலாக அதைக் கொடுத்தபோது, கையிருப்பு போதாமல் அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைத் திரும்பப் பிரித்தெடுத்தார்கள். அவ்வளவு வேகமாய் அது வெளியேறிவிடும். நாலு மணிக்கொருதரம் ஊசி என்றால் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாக வேண்டும். 1980-களில் புழக்கத்துக்கு வந்த செஃப்ட்ரியாக்ஸோன் இந்த நிலையை மாற்றியது. ஏறக்குறைய 8 மணி நேரத்தில் அதில் பாதிதான் குறைகிறது, ஆகவே பல நோய்களுக்கு நாளுக்கு ஒரு வேளை போதும். டெய்கோபிளானின், எர்ட்டாபெனெம், டாப்டோமைசின் ஆகியவையும் நாளுக்கு ஒரு தரம் கொடுக்கக்கூடியவை.

புதிதாய் முளைத்ததா?

இல்லை. 1974-இல் அமெரிக்காவில் ரக்கர், ஹாரிசன் என்ற மருத்துவர்கள், சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்ற பிறவி நோயால் அடிக்கடி நுரையீரலில் சளியும் கிருமியும் கட்டும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே நரம்பு வழியாக மருந்து கொடுத்த அனுபவத்தை எழுதி வெளியிட்டார்கள். அந்நாட்டுத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 1997-இல் இதற்கென்று நெறிமுறைகளை வெளியிட்டு, 2004-லும் 2018-லும் திருத்தியது. பிரிட்டனிலும் 2012 முதல் இத்தகைய நெறிமுறைகள் உண்டு. பணமுள்ள நாடுகளில் பணமுள்ளவர்களும் இப்படித்தான் சிகிச்சை பெறுகிறார்கள் என்பதை நம் ஆசிரியை அம்மாவுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

ஆனால் வீடா, ஆஸ்பத்திரியா என்ற கேள்விக்கு உலகம் முழுவதற்கும் முதலில் பதில் சொன்ன ஊர் நம்முடைய சென்னைதான். இது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்நாட்களில் காசநோய் என்றால் சானடோரியம். தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-இல் அங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு இவையெல்லாம் இல்லாமல் காசநோய் குணமாகாது என்பது அக்காலத்து நம்பிக்கை. படுக்கைகளோ நோயாளிகளில் ஒரு சிறு பங்குக்குக்கூடப் போதவில்லை. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை நடத்தினார். ஏழைக் குடும்பத்து நோயாளிகளில் ஒரு பிரிவாரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மற்றப் பிரிவாரை அவர்கள் வீட்டிலேயே வைத்தார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, இடம் நெருக்கம், ஓய்வு குறைவு. 1959-இல் வெளியான முடிவு எல்லாரையும் ஆச்சரியப்படுத்தியது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் அதிகமாய்ப் பரவவில்லை. அதன்பின் உலகமெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. சேத்துப்பட்டில் உள்ள அந்த நிலையம் 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

அது மாத்திரை, இது நரம்பு ஊசி. வித்தியாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஆராய்ச்சியில் வீட்டுச் சிகிச்சை வெற்றி பெற்றதற்குக் காரணம், நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதே. வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். மாத்திரைகளை எண்ணினார்கள். வராதவரைத் தேடிப் பிடித்தார்கள். அந்த உழைப்பு இல்லாத வீட்டுச் சிகிச்சை வெறும் டிஸ்சார்ஜ்தான்.

யாரை அனுப்புகிறோம்?

காய்ச்சல் விட்டிருக்க வேண்டும். சாப்பாடு இறங்க வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று கல்ச்சர் ரிப்போர்ட் வந்திருக்க வேண்டும். அந்த மருந்தின் முதல் வேளைகளை ஆஸ்பத்திரியிலேயே போட்டு, ஒவ்வாமை இல்லை என்று பார்த்திருக்க வேண்டும். வீட்டில் பொறுப்பான ஒருவர், ஒரு கைபேசி, சுத்தமான தண்ணீர், அவசரமென்றால் வந்து சேரக்கூடிய தூரம் ஆகியவையும் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் எங்கள் மருத்துவர்கள் அனுப்புவதில்லை. நோயாளிக்கோ குடும்பத்தாருக்கோ மனமில்லை என்றாலும் அனுப்புவதில்லை.

பெண்கள் விஷயத்தில் எங்கள் சிஸ்டர்கள் இன்னொரு கேள்வியும் கேட்கிறார்கள்: "வீட்டுக்குப் போனால் உங்களை உட்கார விடுவார்களா?" பெரும்பாலும் பதிலாக ஒரு சிரிப்புதான் வரும். மாமியாருக்குக் கஞ்சி, மாட்டுக்குத் தண்ணீர், பிள்ளைகளுக்கு டிபன் என்று ஓடுகிற ஒரு தாய்க்கு ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றுதான் ஆண்டுக்கணக்கில் கிடைத்த ஓய்வாயிருக்கும். கால் புண்ணோடு தண்ணீர்க் குடம் தூக்குவாரானால் கையில் ஏறுகிற மருந்தால் என்ன பயன்? இப்படிப்பட்டவர்களை இன்னும் சில நாள் வைத்திருக்கலாம் என்று நாங்கள் டாக்டரிடம் பரிந்து பேசியதுண்டு, டாக்டரம்மாவும் ஒத்துக்கொண்டதுண்டு. கணவரையும் மாமியாரையும் உட்காரவைத்துப் பேசுவதும் சிகிச்சையில் ஒரு பகுதி என்றே எண்ணுகிறோம்.

அனுப்பப்படுகிறவர்கள் இரண்டு விதம். பஸ் வசதி உள்ள பக்கத்து ஊர்க்காரர் தினமும் காலையில் எங்கள் பகல்நேர ஊசி அறைக்கு வந்து, மருந்தேற்றிக்கொண்டு, வேலையிருந்தால் வேலைக்கும் போகிறார். தூரத்தில் உள்ளவர்களுக்கு, வீட்டுக்குப் போகும் சிஸ்டரோ, பயிற்சி பெற்ற குடும்பத்தார் ஒருவரோ போடுகிறார். சிஸ்டருக்கு முன்னால் பல தரம் தாமே செய்து காட்டித் தேறினவருக்கு மாத்திரமே இந்தப் பொறுப்பு. பள்ளி இறுதி படித்த ஒரு மருமகள் இதை எவ்வளவு சுத்தமாய்ச் செய்கிறாள் என்று பார்த்தால், படித்தவர்களாகிய நமக்கே வெட்கம் வரும்.

ஊசியும் பாட்டிலும்

ஒரு வார மருந்தென்றால் முன்கையில் போடும் சிறிய பிளாஸ்டிக் குழாயே போதும். எல்லாரும் அதை வென்ஃப்ளான் என்கிறார்கள். சில நாளில் அந்த இடம் சிவந்து வலித்தால் மாற்ற வேண்டியிருக்கும். வாரக்கணக்கில் தேவைப்படுகிறவர்களுக்கு மேற்கையில் ஒரு மெல்லிய நீளக் குழாயைச் செலுத்துகிறார்கள். அதன் நுனி இருதயத்துக்குச் சமீபத்தில் உள்ள பெரிய இரத்தக் குழாயில் போய் நிற்கும். பிக் லைன் என்பது அதன் பெயர். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதைக் கூடியமட்டும் தவிர்ப்பார்கள், ஏனென்றால் பின்னால் டயாலிசிஸ் தேவைப்பட்டால் அந்தக் கையின் இரத்தக் குழாய்கள் கெடாமல் இருக்க வேண்டும்.

பாட்டிலில் தொங்குவதெல்லாம் நம் ஜனங்களுக்குக் "குளுக்கோஸ்". "எங்கப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு, குளுக்கோஸ் ஏத்தலாமா?" என்று பயந்து கேட்கிறார்கள். மருந்தைக் கலக்குவது பெரும்பாலும் உப்புத் தண்ணீரில், அதில் சர்க்கரை கிடையாது. இதற்கு நேர்மாறாக, பாட்டில் ஏற்றினால் தெம்பு வரும் என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அரை லிட்டர் 5 சதவீதக் குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு இட்லியில் அதற்குக் குறையாத சக்தி கிடைக்கும், சட்னியும் சேர்த்து.

வீட்டில் செய்யும் முறை இதுதான். சோப்புப் போட்டுக் கைகழுவி, குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் 15 வினாடி நன்றாய்த் தேய்த்து உலரவிட வேண்டும். முதலில் உப்புத் தண்ணீர் செலுத்தி வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மருந்து, அது முடிந்ததும் மறுபடி உப்புத் தண்ணீர். 100 மில்லி பாட்டில் அரை மணியில் முடிய வேண்டுமானால், 20 சொட்டு ஒரு மில்லியாகும் சாதாரண டிரிப் செட்டில் 15 வினாடிக்குச் சுமார் 17 சொட்டு விழ வேண்டும். சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்து எண்ணக் கற்றுக்கொடுக்கிறோம். மருந்துத் தூளைப் போடும் வேளையில்தான் கலக்க வேண்டும், முன்கூட்டியே கலந்து வைக்கக் கூடாது. வெயில் காலத்தில் ஓட்டு வீட்டுக்குள்ளும் அனல் அடிக்கும், மின்சாரமும் போகும். செஃப்ட்ரியாக்ஸோனை ரிங்கர் லாக்டேட் போன்ற கால்சியம் உள்ள பாட்டிலோடு சேர்க்கவே கூடாது, அது கட்டியாய்ப் படியும். தசையில் போடுவதற்கென்று மரத்துப்போகும் மருந்து கலந்து தயாரித்ததை நரம்பில் போடக் கூடாது. "எல்லாம் ஒரே ஊசிதானே" என்று சொல்லி, கடைக்காரரோ தெருவில் ஊசி போடுகிறவரோ கை வைப்பதை நாங்கள் கண்டிப்பாய்த் தடுப்பதற்கு இவையே காரணம். இந்த மருந்துகளில் பலவற்றை 2014 மார்ச் முதல் மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றும், விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் சட்டமே இருக்கிறது.

பாட்டில் காலியானால் காற்று உடம்புக்குள் ஏறி உயிர் போய்விடும் என்ற பயம் பொதுவாய் உண்டு. வார்டிலும் பாட்டில் முடியும் தறுவாயில் துணைக்கு இருக்கிறவர் "சிஸ்டர், சிஸ்டர்" என்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். உயரத்தில் தொங்கும் பாட்டிலிலிருந்து தண்ணீர் இறங்குவது அதன் எடையினால். பாட்டில் தீர்ந்தால் குழாயில் மிஞ்சிய நீர், இரத்தக் குழாயின் அழுத்தத்துக்குச் சமமாகிற இடத்தில் நின்றுவிடும். குழாயில் தெரிகிற சின்னக் குமிழிகளும் ஆபத்தில்லை. ஆனாலும் முடிந்தவுடன் சக்கரத்தைத் தள்ளி மூட வேண்டும், இல்லாவிட்டால் இரத்தம் திரும்பி வந்து குழாயை அடைத்துவிடும்.

உண்மையாகவே பயப்பட வேண்டியவை வேறு. மருந்து செலுத்தின ஒரு மணி நேரத்துக்குள் குளிரெடுத்து நடுங்கினால், குழாய்க்குள்ளேயே கிருமி புகுந்திருக்கலாம். கை வீங்கினால் இரத்தம் உறைந்திருக்கலாம். மேலெல்லாம் தடிப்பு, மூச்சுத்திணறல், நிற்காத பேதி, சிறுநீர் குறைவது, அமிகாசின் போன்ற மருந்துகளில் காதிரைச்சலும் தலைசுற்றலும் ஆகிய எதுவானாலும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே கூப்பிட வேண்டும். எங்கள் தொலைபேசி எண்ணை அட்டையில் பெரிதாய் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுகிறோம். இரவு 2 மணியானாலும் எடுக்க ஆள் உண்டு. வாரம் ஒரு முறை நோயாளி வந்து இரத்தப் பரிசோதனை செய்து டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். சிறுநீரகம் தாங்குகிறதா, இரத்த அணுக்கள் குறைகிறதா, கிருமி அடங்குகிறதா என்பது அதில்தான் தெரியும்.

பயன்படுத்தின ஊசிகளைக் குப்பையில் எறியாமல், குத்திக் கிழியாத திருகுமூடி டப்பாவில் போட்டு எங்களிடமே திருப்பிக் கொண்டுவரச் சொல்லுகிறோம். குப்பை பொறுக்குகிறவர்களும் பிள்ளைகள் பெற்றவர்கள்தானே.

சபை மூப்பர்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கிற வியாதியஸ்தரைப் பார்க்க நீங்கள் திரளாய் வருவது நல்லது, ஆனால் எல்லாரும் ஒரே நாளில் வரவேண்டாம். எண்ணெய் பூசி ஜெபிக்கிற வழக்கமுள்ளவர்கள் நெற்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குழாய் உள்ள கையில் பூசினால் ஒட்டுப்பட்டை கழன்றுவிடும். பேதுருவின் மாமிக்குக் காய்ச்சல் தீர்ந்ததும் வீட்டில்தானே என்று ஒரு இளம் போதகர் எங்களிடம் சொன்னார். உண்மைதான், ஆனால் அதை இந்தச் சிகிச்சைக்கு ஆதாரமாய் எடுத்துக்கொள்ள மாட்டோம். அந்த அம்மா உடனே எழுந்து எல்லாருக்கும் பணிவிடை செய்தார்கள், எங்கள் நோயாளிகள் அப்படிச் செய்வதை நாங்கள் விரும்பவில்லை!

ஊசியே வேண்டாமென்றால்?

அண்மைக் காலத்தில் இன்னொரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பிரிட்டனில் 26 மருத்துவமனைகள் சேர்ந்து எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். முதல் 6 வாரத்துக்கு ஒரு பிரிவுக்கு நரம்பு ஊசி, மற்றதற்குத் தகுந்த மாத்திரைகள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது சிகிச்சை பலிக்காமல் போனவர்கள் ஊசிப் பிரிவில் 14.6 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 13.2 சதவீதம். மாத்திரை எவ்விதத்திலும் குறைந்ததாயிருக்கவில்லை. டென்மார்க்கில் வால்வில் கிருமி பிடித்த 400 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சியிலும், முதல் கட்ட ஊசிக்குப் பிறகு நிலைமை சீரானவர்களுக்கு மாத்திரைக்கு மாற்றுவது பாதுகாப்பானது என்று தெரியவந்தது. ஆகவே எங்கள் மருத்துவர்கள் இப்போது முதலில் கேட்பது, "இவருக்கு மாத்திரை போதுமா?" என்பதையே. ஆனால் நம் பகுதியின் கிருமிகளில் பல, மாத்திரையாகக் கிடைக்கும் மருந்துகளுக்குக் கட்டுப்படுவதில்லை. கல்ச்சர் ரிப்போர்ட்டில் வாய்வழி மருந்துகள் எல்லாவற்றுக்கும் நேராக "எதிர்ப்பு" என்று வந்தால் ஊசியைத் தவிர வழியில்லை. மருந்தைக் கண்டபடி வாங்கித் தின்ற காலத்துக்கு நாம் எல்லாரும் சேர்ந்து கட்டுகிற வட்டி அது.

இனிக் கணக்கு விஷயம். அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும், மற்றக் காப்பீடுகளும் பெரும்பாலும் உள்நோயாளியாய்ப் படுத்திருக்கிறவர்களை மனதில் வைத்தே அமைக்கப்பட்டவை. கட்டிலில் இருந்தால் செலவைக் கொடுப்பார்கள், அதே மருந்தை வீட்டில் போட்டுக்கொண்டால் கையிலிருந்து கொடுக்க வேண்டும். இதனாலேயே வீட்டுக்குப் போகக்கூடிய ஏழை ஒருவர் போக மனமில்லாமல் வார்டிலேயே இருந்துவிடுகிறார். காப்பீட்டைக் குறைசொல்லவில்லை, அதனால் பிழைத்தவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அரசும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளையும், வயிற்று வழி டயாலிசிஸுக்குரிய பைகளையும் வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவருகிறது. நரம்பு ஊசிக்கும் ஒரு நாள் அப்படி வழி பிறக்கலாம். அதுவரை அந்த இடைவெளியைத்தான் உங்கள் காணிக்கை அடைக்கிறது. நீங்கள் கணக்கில் கண்ட தலைப்பில் அடங்கியவை மருந்து, குழாய், உப்புத் தண்ணீர், வாராந்தர இரத்தப் பரிசோதனை, நோயாளியின் பஸ் கட்டணம், சிஸ்டரின் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் ஆகியவை.

வார்டிலா வீட்டிலா என்பதை நோயாளியின் பணம் தீர்மானிப்பதில்லை. வீடில்லாதவரும், வீட்டில் ஆளில்லாதவரும் ஊசி முடியும்வரை எங்களோடுதான் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஒரு காசும் கட்டியவர்கள் அல்ல. கடிதம் எழுதின ஆசிரியை அம்மா நேரில் வந்து பகல்நேர ஊசி அறையைப் பார்க்க வேண்டும் என்று அன்பாய் அழைக்கிறோம். மற்றவர்களும் வரலாம். ஞாயிறு தவிர எந்த நாளானாலும் சரி, ஆனால் காலை 10 மணிக்குள் வந்துவிடுங்கள். அதற்கு மேலானால் பெரும்பாலோர் மருந்தேற்றிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள்.